பிளான் வாங்குவது வேறு, ஆர்க்கிடெக்ட் வைப்பது வேறு

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒன்பதாவது படி வந்தால் தலையைக் குனிய வேண்டும். மேலே ஒரு பீம் குறுக்கே போகிறது. வீட்டு ஆட்களுக்குப் பழகிவிட்டது, விருந்தாளிகள்தான் இடித்துக்கொள்வார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. அப்போது மேஸ்திரியிடம் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகத் தாளை விரித்துக் காட்டினார். "அண்ணாச்சி, பிளான்ல படி இருக்கு, போட்டுட்டேன். அதுக்கு மேல பீம் எங்க வருதுன்னு இதுல எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க."

இல்லைதான். நான் கையில் வைத்திருந்தது அனுமதி வாங்குவதற்காகச் சில ஆயிரம் கொடுத்து வரைந்து வாங்கிய ஒரே ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே கட்டச் சொன்னது என் தப்பு. வீடு கட்டப் போகிறோம், ஆர்க்கிடெக்ட் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் படிக்கட்டைத்தான் காட்டுகிறேன்.

நம் ஊரில் "பிளான்" என்ற ஒரு சொல்லை மூன்று பொருளில் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ கொடுக்கும் அனுமதிப் படம் ஒன்று. மனையின் எல்லை, நான்கு பக்கமும் விட்டிருக்கும் இடம், அறைகளின் அளவு, செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு வீடு உட்பட்டதா என்று அதிகாரி பார்ப்பதற்கானது அது. கொத்தனாருக்காக வரைந்தது இல்லை.

அடுத்தது வடிவமைப்பு. வாசல் எங்கே, காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், அடுக்களையில் நிற்கிறவருக்கு வாசலில் வருகிற ஆள் தெரியுமா, தெரிய வேண்டுமா என்று யோசித்து யோசித்து அழித்து வரைவது.

மூன்றாவது வேலைப் படங்கள். பில்லர் எங்கே, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பீமில் எத்தனை கம்பி, படிக்கட்டைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், சுவிட்ச் எந்த உயரத்தில், குளியலறைத் தரை எத்தனை அங்குலம் இறக்கம், ஜன்னல் கதவுகளின் பட்டியல். சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கே இது இருபது, முப்பது தாள் வரும். என் படிக்கட்டில் தலை இடிக்காமல் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்தத் தாள்கட்டில் இருக்கும் ஒரே ஒரு தாள்.

ஆர்க்கிடெக்ட்டை வைப்பது என்றால் இந்த மூன்றையும், கூடவே வேலை நடக்கும்போது அவ்வப்போது வந்து பார்ப்பதையும் சேர்த்து ஒருவரிடம் ஒப்படைப்பது. "பிளான் எவ்வளவுக்குப் போட்டுத் தருவீங்க?" என்று போனில் கேட்டால் அவர் தயங்குவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் எந்தப் பிளானைக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

சரி, யார் ஆர்க்கிடெக்ட்? 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து வருடம் பி.ஆர்க் படித்திருப்பார். "சிஏ" என்று தொடங்கி, ஆண்டும் எண்ணும் சேர்ந்த ஒரு பதிவு எண் இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டம் காப்பது "ஆர்க்கிடெக்ட்" என்ற பெயரைத்தான். வீடு வடிவமைக்கும் வேலையையே மற்றவர்கள் செய்யக்கூடாது என்று அது சொல்லவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆகவே சிவில் இன்ஜினியர் வீடு வரைந்து தருவது குற்றமல்ல. நன்றாக வரைகிற இன்ஜினியர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு படிப்பும் வேறு. பீம் தாங்குமா என்பது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கு. அந்த பீம் உங்கள் தலைக்கு மேலே எங்கே போக வேண்டும் என்பது ஆர்க்கிடெக்ட்டின் கவலை. ஒரு வீட்டுக்கு இரண்டு பேரும் வேண்டும். ஆர்க்கிடெக்ட் தன் பக்கத்திலிருந்தே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக்கொள்வாரா, நீங்கள் தனியாகப் பிடிக்க வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பின்னால் ஒரு அறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டுவதற்கு ஆர்க்கிடெக்ட் தேவையில்லை என்பது என் எண்ணம். நல்ல இன்ஜினியர் போதும். "அஞ்சு சென்ட்தானே, இதுக்கெல்லாம் எதுக்கு ஆர்க்கிடெக்ட்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரை ஏக்கரில் கட்டுகிறவர் ஒரு அறையைத் தப்பாக வைத்தாலும் சமாளித்துவிடுவார். அஞ்சு சென்ட், அதாவது 2,178 சதுர அடி மனையில் பக்கத்துக்கு விட்டது போக மிஞ்சுவதில் ஒரு அடி வீணானாலும் உறைக்கும்.

இந்த மண்ணைத் தெரிந்தவரா?

ஆர்க்கிடெக்ட் சென்னையில் இருக்கலாம், கோயம்புத்தூரில் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் திருநெல்வேலி வெயிலையும் காற்றையும் அவர் கணக்கில் எடுக்கிறாரா என்று பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வட இந்தியாவுக்கு அது பெருமளவு சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டே முக்கால் டிகிரி வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். நாலரை மாதம்! வடக்கே சன்ஷேடு இல்லாமல் பெரிய கண்ணாடி வைத்து வரைந்து தந்தால், வேறு ஊருக்குப் போட்ட படத்தை நமக்குத் தருகிறார் என்று அர்த்தம்.

மேற்குச் சுவர் இன்னும் மோசம். மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை வெயில் தாழ்வாகப் படுக்கைவாட்டில் அடிக்கும். மேலே சன்ஷேடு நீட்டுவதால் அது நிற்காது. செங்குத்தான மறைப்போ, ஜாலி என்கிற துளை வைத்த சுவரோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். இல்லையென்றால் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை இவற்றை அந்தப் பக்கம் தள்ளி, படுக்கையறையைக் காப்பாற்ற வேண்டும். "மேற்குப் பக்கத்தை என்ன செய்யப் போறீங்க?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். "ஏசி போட்டுக்கலாம் சார்" என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஆனால் ஆனி ஆடியில் காற்று வருவதும் அதே மேற்கிலிருந்துதான். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலோடு வரும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற வேகத்தில் புழுதியோடு வரும். வெயிலுக்கு மூட வேண்டிய சுவரைக் காற்றுக்குத் திறக்க வேண்டும், சாரலுக்குப் பாதி சாத்த வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அவருக்குச் சம்பளம்.

மொட்டை மாடியையும் மறக்கக்கூடாது. பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க நம் மேல் கக்கும். பழைய ஆட்கள் மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், தட்டையான மண் ஓடு பதித்தது அழகுக்காக மட்டுமா என்ன.

அப்புறம் மண். மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே அசையும். கீழே குமிழ் போல அகலும் கான்கிரீட் தூணை (பைல்) மண்ணுக்குள் இறக்கியோ, வேறு விதமாகவோ அஸ்திவாரத்தை அதற்கென்றே கணக்கிட வேண்டும். ராதாபுரம் பக்கத்துச் செம்மண்ணுக்கு இந்தப் பாடு இல்லை. ஆற்றங்கரையில் வயலைத் தூர்த்துப் போட்ட மனை என்றால் அது தனிக் கதை. உவரி, கூடங்குளம் பக்கத்தில் கடற்காற்று கம்பியைத் தின்னும். "பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிதான் தோண்டினாங்க" என்பது மண் பரிசோதனை ஆகாது. பரிசோதனைக்கு ஆகிற செலவு மொத்தச் செலவில் தூசு. அது வேண்டாம் என்று சொல்கிற ஆர்க்கிடெக்ட்டை எனக்குப் பிடிக்காது.

தண்ணீரைப் பற்றி 2023 டிசம்பர் 17, 18க்கு அப்புறம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே திருநெல்வேலி சந்திப்பிலும் சிந்துபூந்துறையிலும் வீட்டுக்குள் ஆறு வந்தது. உங்கள் மனையில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தெருவில் நாலு பேரிடம் கேட்டு, சுவரில் தடம் இருந்தால் போட்டோ எடுத்து, ஆர்க்கிடெக்ட்டிடம் கொடுங்கள். தரைமட்டம், கீழ்த்தொட்டியின் வாய், மீட்டர் பெட்டி, கீழ் சுவிட்சுகளின் உயரம் எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாக வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்வதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

ஆர்க்கிடெக்ட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போனில் அம்பது படம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் வெயில் இல்லை, ஆச்சி இல்லை, காய்கிற வத்தல் இல்லை. நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனால் அது அம்பது படத்துக்குச் சமம்.

நம் பழைய வீடுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. வாசலை ஒட்டிய தார்சா, உள்கூடமான பட்டாசல், அடுக்களை, கழுவுகிற இடமான அங்கணம், புறவாசல். தெருவில் வந்தவரைத் தார்சாவோடு பேசி அனுப்பலாம். சொந்தக்காரர் பட்டாசல் வரை வருவார். இன்றைய "ஹாலில்" இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டது, கூரியர் பையனுக்கும் டிவி பார்க்கிற தாத்தா தெரிகிறார். உங்களுக்கு இது பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் சரி, ஆனால் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். மீன் கழுவ அங்கணம் மாதிரி வெளியே ஓர் இடம் வேண்டுமா? மாடி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர், பத்து வருஷத்தில் எத்தனை பேர் ஆவார்கள்? அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மும்பையிலிருந்து வருகிற பதினைந்து பேர் எங்கே படுப்பார்கள்? சிலிண்டர், இன்வெர்ட்டர், இரண்டு பைக்? இதையெல்லாம் வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் எழுதினால் அந்தத் தாள் பாதிதான்.

வாஸ்து பார்ப்பீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் அதற்குள் போகவில்லை, அது அவரவர் நம்பிக்கை. அக்னி மூலையில் அடுக்களை, ஈசான்யத்தில் கிணறு என்பதையெல்லாம் தொடக்கத்தில் சொன்னால் நல்ல ஆர்க்கிடெக்ட் அதற்குள்ளேயே காற்றோட்டமாக வரைந்துவிடுவார். மனையடி சாஸ்திரப்படி அறை பன்னிரண்டடி ஆகாது, பதினொன்று வேண்டும் என்று நிலை வைத்த பிறகு மாமா வந்து சொன்னால்தான் வினை. சாஸ்திரம் பார்ப்பது உள்கூட்டு அளவு, பூச்சுக்கு அப்புறம் வருவது. அதையும் சொல்லி வையுங்கள்.

மனைக் காகிதங்களையும் முன்னாலேயே எடுத்து வையுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம். நிலஅளவையரை வைத்து எல்லையை அளந்து கல் நட்ட பிறகு வரையத் தொடங்குவது நல்லது; பத்திரத்தில் நாற்பதடி, நேரில் முப்பத்தெட்டரை என்பது நம் பக்கம் அதிசயமே இல்லை. மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதி, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றுக்குத்தான். 2,500 சதுர அடிக்குள் மனை, அதாவது ஐந்தே முக்கால் சென்ட் வரை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் யாரும் வந்து பார்க்காமல் கிடைக்கிற அனுமதியில், சொன்னபடி கட்டுகிற பொறுப்பு முழுக்க நம் தலையில் என்பதை மறந்துவிடக்கூடாது.

பணம்

ஆர்க்கிடெக்ட் கட்டணத்தைக் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று சொல்வார். அல்லது சதுர அடிக்கு இவ்வளவு. அல்லது மொத்தமாக ஒரு தொகை. சதவீதத்தில் ஒரு சங்கடம், செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஆகவே எந்தத் தொகையின் மீது சதவீதம், மர வேலையும் வாசல் கேட்டும் அதில் சேருமா என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,500 சதுர அடி வீடு, அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36 லட்சம். கட்டணம் ஐந்து சதவீதம் என்றால் 1,80,000. அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் அதற்கு 18 சதவீதம், 32,400 கூட வரும். கேட்டதும் பகீரென்கிறது. ஆனால் யோசிக்காமல் வரைந்த வீட்டில் யாருக்கும் பயன்படாத நடைபாதையும் மூலையும் அறுபது சதுர அடி இருந்தால், அதே விலையில் அது 1,44,000 ரூபாய். இடித்துக் கட்டுகிற சுவர்களை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இன்னொரு பெரிய லாபம், வேலைப் படங்களும் அளவுப் பட்டியலும் கையில் இருந்தால் மூன்று கான்ட்ராக்டர்களிடமும் ஒரே வீட்டுக்கு விலை கேட்கலாம். அது இல்லாமல் "அடிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒருவர் கீழ்த்தொட்டியைச் சேர்த்துச் சொல்வார், ஒருவர் சேர்க்காமல் சொல்வார், ஒருவர் சன்ஷேடையும் சதுர அடியில் அளப்பார். குறைவாகச் சொன்னவரைப் பிடித்துவிட்டு, ஜன்னல், கதவுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்தபோது "அது தனி அண்ணாச்சி" என்ற வார்த்தையைக் கேட்காதவர்கள் கைதூக்கலாம்.

வடிவமைப்பும் கட்டுமானமும் தாங்களே செய்து சாவியைக் கையில் கொடுக்கிறோம் என்கிறவர்களும் உண்டு. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வசதி. ஆனால் கட்டுகிறவரும் அளக்கிறவரும் தப்பு கண்டுபிடிக்கிறவரும் ஒரே ஆள் ஆகிவிடுவார். அந்த வழியில் போனால் கம்பியைச் சரிபார்க்க மட்டுமாவது வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 1989இல் வந்த தொழில்நடத்தை விதிகளின்படி, நிபந்தனைகளையும் கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பது ஆர்க்கிடெக்ட்டின் கடமை. ஆகவே கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது. எத்தனை முறை மாற்றி வரைந்து தருவார், எத்தனை முறை நேரில் வருவார், ஸ்ட்ரக்சுரல் படமும் மின்சார, குழாய்ப் படங்களும் இதில் சேர்ந்ததா, பாதியில் பிரிந்தால் கணக்கு எப்படி. பணத்தையும் படிப்படியாக, ஒவ்வொரு கட்டத்துப் படம் கைக்கு வரவரக் கொடுங்கள். இந்த டைல்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

அவர் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்ப்பதும் முக்கியம். பால் காய்ச்சிய வாரம் எல்லா வீடும் அழகுதான். மூன்று வருஷம் ஆன வீடாகக் கேட்டு, சித்திரை வைகாசியில், மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். ஹாலில் உட்காராமல் மாடி அறைக்குப் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அடுக்களையில் இருப்பவரிடம், இன்னொரு தடவை கட்டினால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள்.

படம் கைக்கு வந்த பிறகு

தாளில் பார்த்து அறையின் அளவு புரியாது. புரிந்ததாகத் தலையாட்டுவோம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த நல்ல வழி, மனையில் முள்ளை வெட்டிவிட்டுச் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, குடும்பத்தோடு உள்ளே நடந்து பார்ப்பது. ஒரு நார்க்கட்டிலைத் தூக்கிப் போய்ப் படுக்கையறையில் போடுங்கள். கதவு திறக்கும் பக்கத்தைக் கையை வீசிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வெட்டவெளியில் எந்த அறையும் கோழிக்கூடு மாதிரித்தான் தெரியும். அதைப் பார்த்து மிரண்டு ஒவ்வொரு அறையையும் இரண்டடி பெரிதாக்காதீர்கள். கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு நடக்க இடம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

வேலை தொடங்கிய பிறகு ஆர்க்கிடெக்ட்டோ அவர் ஆளோ கட்டாயம் வர வேண்டிய நாட்கள் சில உண்டு. நூல் பிடித்து மட்டம் குறிக்கும் நாள், அஸ்திவாரக் கம்பி கட்டி முடித்த நாள், எல்லாவற்றையும்விடத் தளத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். போட்ட பிறகு வந்து பார்த்து என்ன ஆகப்போகிறது.

மாற்றம் சொன்னால் ஆர்க்கிடெக்ட்டிடம் சொல்லுங்கள், கொத்தனாரிடம் நேரே சொல்லாதீர்கள். ஒரு ஜன்னலை ஒன்றரை அடி நகர்த்தினால் வெளியே சன்ஷேடும் உள்ளே சுவிட்ச் பெட்டியும் கட்டிலும் நகரும். அது அவருக்குத்தான் தெரியும். புதுப்படம் வந்ததும் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். சைட்டில் சிமெண்ட் மூட்டை மேல் கிடக்கிற பழைய தாளைப் பார்த்துக் கட்டிய சுவர்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ.

கடைசியாக, பூச்சு வேலைக்கு முன்னால் எல்லாச் சுவர்களையும் ஒரு டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். கட்டியபடியே திருத்திய மின்சார, குழாய்ப் படங்களை ஆர்க்கிடெக்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். போன மாசம் எங்கள் வீட்டில் திரைச்சீலைக் கம்பிக்குச் சுவரில் துளை போட்டபோது தண்ணீர் பீய்ச்சியடித்தது. குழாய் எந்த வழியாகப் போகிறது என்று கேட்கலாமே என்றால் அந்த மேஸ்திரி இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கிறார்.